கதவு திறந்திருக்கு... சாவி யார்கிட்டே?

எங்கள் ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரர் ஒருவர். பெயர் வேண்டாம். பாவம், வருகிற தை மாசம் கல்யாணம்.

ஐந்து மாசம் முன்னால் ஒரு திங்கட்கிழமை. பதினோரு மணி டீ வருகிற நேரத்தில் மனுஷரின் முகம் திடீரென்று இருண்டுவிட்டது. "மேனேஜர் கூப்பிட்டாரா?" என்றேன். இல்லை. "பொண்ணு வீட்டில் ஏதாவது..?" அதுவும் இல்லை. பேசாமல் மொபைலை என் பக்கம் திருப்பினார்.

'உங்கள் கணக்கு முடக்கப்பட்டுள்ளது. எங்கள் விதிமுறைகளை மீறியிருக்கிறீர்கள்.'

எந்த விதியை, எப்போது மீறினார்? மூச்! பன்னிரண்டு வருஷத்துப் போட்டோக்கள், காலேஜ் சிநேகிதர்கள், துபாயில் இருக்கிற அண்ணன், இறந்துபோன அப்பாவின் பிறந்தநாளுக்கு எழுதிய நாலு வரி... எல்லாமே ஒரு பெரிய கம்பெனியின் பூட்டிய கதவுக்கு அந்தப் பக்கம். 'மேல்முறையீடு' என்ற பட்டனை அமுக்கினார். நாலே விநாடியில் 'நன்றி, பரிசீலிக்கிறோம்' என்று பதில் வந்தது. நாலு விநாடியில் நன்றி சொல்கிற ஜீவன் மனுஷனாக இருக்க வாய்ப்பே இல்லை!

திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் காலம் தள்ளியவர்களுக்கு இந்தக் கஷ்டம் புரியும். செகண்ட் ஷோ பார்த்துவிட்டு வந்தால் ரூம் கதவில் வேறு பூட்டு தொங்கும். ஆனால் அங்கே கீழே ஒரு மானேஜர் இருப்பார். "அண்ணே, ஒண்ணாம் தேதி குடுத்துடறேண்ணே" என்று கெஞ்சலாம், ஒரு டீ வாங்கிக் கொடுக்கலாம். இங்கே யாருக்கு டீ வாங்கிக் கொடுப்பது?

'சரி, இதுக்கு மாற்று வழியே கிடையாதா?' என்று தேடிப் போனபோதுதான் ஒரு யானை எதிரே வந்தது.

யானை பிறந்த கதை

ரஷ்யாவில் பிறந்து, சின்ன வயதிலேயே ஜெர்மனிக்குப் போன இளைஞர் யூஜென் ரோச்கோ. ஜெனா நகரத்துப் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் படித்தவர். ட்விட்டர் பிடித்திருந்தது. ஆனால் அது போகிற போக்கு பிடிக்கவில்லை. நீங்களும் நானுமாக இருந்தால் டீக்கடையில் திட்டிவிட்டு வேலைக்குப் போயிருப்போம். இவர் உட்கார்ந்து தானே ஒன்றை எழுதி, 2016 அக்டோபரில் வெளியிட்டார். பெயர் மாஸ்டடான். பல்லாயிரம் வருஷங்களுக்கு முன்பு அழிந்துபோன யானை இனத்தின் பெயர். தனக்குப் பிடித்த ஒரு ராக் இசைக்குழுவின் பெயரை யானைக்குச் சூட்டிவிட்டார்.

ட்விட்டரில் குருவி கீச்சென்று கத்தினால் 'ட்வீட்'. இங்கே யானை பிளிறினால் 'டூட்'! அந்த வார்த்தைக்கு ஆங்கிலப் பேச்சுவழக்கில் கொஞ்சம் 'காற்றோட்டமான' இன்னொரு அர்த்தமும் உண்டு என்பதாலோ என்னவோ, 2022-ல் அந்த பட்டனில் சாதாரணமாக 'பப்ளிஷ்' என்று எழுதிவிட்டார்கள்.

விசேஷம் பெயரில் இல்லை, கட்டுமானத்தில். ஃபேஸ்புக் என்றால் ஒரே கம்பெனி, ஒரே முதலாளி, ஒரே சட்டம். மாஸ்டடான் அப்படி இல்லை. மென்பொருள் இலவசம். யார் வேண்டுமானாலும் எடுத்துத் தன் சர்வரில் போட்டு ஒரு 'ஊர்' ஆரம்பிக்கலாம். நாலு நண்பர்கள் ஆரம்பிக்கலாம், ஒரு பல்கலைக்கழகம் ஆரம்பிக்கலாம், பத்திரிகையாளர்கள் கூடி ஆரம்பிக்கலாம். அப்படி ஆயிரக்கணக்கான ஊர்கள். ஒவ்வொன்றுக்கும் தனித் தலைவர், தனிச் சட்டம், தனி உண்டியல்.

'அப்போ இந்த ஊர்க்காரன் அந்த ஊர்க்காரனோட எப்படிப் பேசுறது?' நல்ல கேள்வி. ஜிமெயிலில் இருக்கிற நீங்கள் யாஹூவில் இருக்கிற மாமாவுக்குக் கடிதம் போடுகிறீர்களே, அதே மாதிரிதான். உங்கள் முகவரியில் உங்கள் பெயரும் இருக்கும், ஊர்ப் பெயரும் இருக்கும். வேறு ஊரில் இருக்கிற ஒருவரை நீங்கள் பின்தொடர விரும்பினால், உங்கள் சர்வர் அவருடைய சர்வருக்கு 'இன்னார் உங்க ஆளைத் தொடர விரும்புகிறார்' என்று ஒரு சீட்டு அனுப்பும். சம்மதம் கிடைத்துவிட்டால், அவர் எழுதுவதெல்லாம் உங்கள் சர்வரின் இன்பாக்ஸுக்கு வந்து விழும். அவ்வளவுதான் சூட்சுமம்.

இந்தச் சீட்டு எப்படி எழுதப்பட வேண்டும் என்பதற்கு ஒரு பொது இலக்கணம் உண்டு. பெயர் ஆக்டிவிட்டிபப். இணையத்துக்கு இலக்கண வாத்தியாரான டபிள்யூ-3-சி அமைப்பு, 2018 ஜனவரியில் இதற்கு முத்திரை குத்தியது. இந்த இலக்கணம் தெரிந்த எந்த மென்பொருளும் கூட்டத்தில் சேரலாம். போட்டோவுக்கு பிக்சல்ஃபெட், வீடியோவுக்கு பியர்ட்யூப் என்று ஒரு பெரிய குடும்பமே உண்டு. மொத்தக் குடும்பத்துக்கும் செல்லப் பெயர் 'ஃபெடிவெர்ஸ்'.

மாஸ்டடானில் விளம்பரம் கிடையாது. எது உங்களுக்குக் கோபமூட்டும் என்று கணக்குப் போட்டு அதை முதலில் காட்டுகிற வேலையும் கிடையாது. கடைசியாக எழுதியவர் மேலே, முன்னால் எழுதியவர் கீழே. ரேஷன் க்யூ மாதிரி நேர்மை!

நம்மவர்கள் போய்ப் பார்த்தார்கள்

இந்த யானையை இந்தியா திரும்பிப் பார்த்தது 2019-ல். சுப்ரீம் கோர்ட் மூத்த வக்கீல் சஞ்சய் ஹெக்டேயின் ட்விட்டர் கணக்கு அந்த வருஷம் அக்டோபரில் முடக்கப்பட்டது. அவர் தன் பக்கத்தில் வைத்திருந்தது 1936-ல் எடுத்த, உலகப் புகழ்பெற்ற ஒரு போட்டோ. கூட்டமே நாஜி சல்யூட் அடிக்க, ஒரே ஒருத்தர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். நாஜிகளை எதிர்க்கிற படம் சார் அது! 'வெறுப்பைப் பரப்பும் படம்' என்று தூக்கிவிட்டார்கள். அப்புறம் ஒரு ஹிந்திக் கவிதையைப் பகிர்ந்தது தொடர்பாக இன்னொரு தடவை.

கோபம் கொண்ட ஆயிரக்கணக்கான இந்தியர்கள் நவம்பரில் பெட்டி படுக்கையோடு மாஸ்டடானுக்குக் கிளம்பினார்கள். இரண்டு வாரம் ஒரே அமர்க்களம். அப்புறம்? வந்தவர்களில் பெரும்பாலோர் பழைய வீட்டுக்கே திரும்பிவிட்டார்கள். காரணம் ரொம்ப சிம்பிள். சிநேகிதர்கள் அங்கேதானே இருக்கிறார்கள்! புது ஊரில் வீடு எவ்வளவு காற்றோட்டமாக இருந்தாலும், திண்ணையில் பேச ஆள் வேண்டுமே.

பெரிய கம்பெனிகளின் நிஜமான பூட்டு இதுதான். நம்மைக் கட்டிப்போடுவது கம்பெனி இல்லை, நம் சொந்தக்காரர்கள்!

குருவிக்குக் கோபம் வந்தது

அடுத்த அலை 2022-ல். அக்டோபர் 27-ம் தேதி ஈலான் மஸ்க் 4,400 கோடி டாலர் கொடுத்து ட்விட்டரை வாங்கினார். மாதம் சுமார் 3 லட்சம் பேர் புழங்கிக்கொண்டிருந்த மாஸ்டடானில், ஒரு மாசத்துக்குள் 25 லட்சம் பேர்! சர்வர்கள் மூச்சு வாங்கின. சனி, ஞாயிறில் சும்மா பொழுதுபோக்காக நடத்திக்கொண்டிருந்த ஆசாமிகள் ராத்திரி தூக்கத்தைத் தொலைத்தார்கள்.

குருவி சும்மா இருக்குமா? டிசம்பர் 15-ம் தேதி ட்விட்டரில் இருந்த மாஸ்டடானின் கணக்கு முடக்கப்பட்டது. மாஸ்டடான் பக்கங்களுக்கு லிங்க் கொடுத்தால் 'ஆபத்தான தளம்' என்று மறித்தது. மூன்று நாள் கழித்து, 'வேறு தளங்களின் முகவரியை இங்கே விளம்பரம் செய்யக் கூடாது' என்று ஒரு புதுச் சட்டமே போட்டார்கள். ஊரே சிரித்ததில், அதை ஒரே நாளில் வாபஸ் வாங்கினார்கள். வாடகை வீட்டைக் காலி பண்ணுகிறவன் புது முகவரியை வாசலில் ஒட்டக் கூடாது என்று வீட்டுக்காரர் சொன்ன மாதிரி.

இலவசமாக இருக்கிறதை எடுத்துக்கொண்டு நன்றி சொல்லாமல் போனவர்களும் உண்டு. 2021-ல் டொனால்ட் ட்ரம்ப்பின் கம்பெனி 'ட்ரூத் சோஷியல்' என்று ஒன்றை அறிவித்தது. பிரித்துப் பார்த்தால், உள்ளே இருப்பது சாட்சாத் மாஸ்டடான்! எடுத்துக்கொள்ளட்டும், தப்பில்லை. ஆனால் 'மாற்றி எழுதினால் அந்த மூலநிரலை எல்லோருக்கும் காட்ட வேண்டும்' என்பது லைசென்ஸ் நிபந்தனை. 'முப்பது நாளில் காட்டுங்கள்' என்று மாஸ்டடான் கடிதம் போட்டது. அடுத்த மாசமே காட்டிவிட்டார்கள். சின்னப் பையன்கள் வைத்திருந்த ஒரே ஆயுதம் ஒரு லைசென்ஸ் காகிதம். அது வேலை செய்தது!

மாப்பிள்ளை வீட்டார் நானூறு பேர்

உண்மையான தர்மசங்கடம் எதிரியாக வரவில்லை. விருந்தாளியாக வந்தது.

2023 ஜூலை 5-ம் தேதி, ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமின் தாய் கம்பெனியான மெட்டா 'த்ரெட்ஸ்' ஆரம்பித்தது. ஐந்தே நாளில் 10 கோடி பேர். அதோடு, 'நாங்களும் ஆக்டிவிட்டிபப் பேசப் போகிறோம். உங்கள் கூட்டத்தில் சேரப் போகிறோம்' என்றது. அந்த டிசம்பரில் வெள்ளோட்டம் விட்டது. 2024 மார்ச்சில் அமெரிக்கா, கனடா, ஜப்பான் வாசிகளுக்கு வசதியைத் திறந்துவிட்டது.

ஊர்கள் இரண்டாகப் பிரிந்தன. ஒரு கட்சி, 'உள்ளே விடாதே' என்றது. நூற்றுக்கணக்கான சர்வர்க்காரர்கள், த்ரெட்ஸ் வாசலிலேயே வருவதற்கு முன்பே, 'மெட்டாவுக்குக் கதவு சாத்துவோம்' என்று ஒப்பந்தம் போட்டுக் கையெழுத்திட்டார்கள். இன்னொரு கட்சி, 'இத்தனை வருஷமாக இதற்காகத்தானே கத்தினோம்? பெரிய கம்பெனியே நம் இலக்கணத்துக்கு இறங்கி வருகிறது, வரட்டும்' என்றது. ரோச்கோவும் இந்தக் கட்சிதான்.

எண்ணிக்கையைப் பார்த்தால் பயப்படுகிறவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. 2025 ஆகஸ்டில் த்ரெட்ஸில் மாதம் 40 கோடி பேர். மாஸ்டடானில் அப்போது 10 லட்சத்துக்கும் கீழே. கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டார் நானூறு பேர், பெண் வீட்டார் ஒரே ஒருத்தர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சமையல் யார் இஷ்டப்படி நடக்கும்?

ஜிடாக் ஞாபகம் இருக்கா?

பயத்துக்கு ஒரு பழைய கதையும் காரணம். இரண்டாயிரங்களில் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு ஜிடாக் மறக்காது. அந்தப் பச்சைப் புள்ளி எரிகிறதா என்று பார்த்துப் பார்த்தே எத்தனை காதல்கள்! 2005 ஆகஸ்டில் கூகுள் அதை ஆரம்பித்தபோது, ஜாபர் என்ற திறந்த அமைப்பின் இலக்கணத்தில்தான் கட்டியது. 2006-ல் கதவையும் திறந்தது. வேறு சர்வரில் இருந்த சின்னச் சின்ன ஜாபர் ஊர்க்காரர்கள் ஜிடாக் நண்பர்களோடு நேராகப் பேசினார்கள். ஒரே கொண்டாட்டம்.

2013 மே மாதம் கூகுள் 'ஹேங்அவுட்ஸ்' கொண்டுவந்தது. வெளி ஊர்க்காரர்களுக்கான கதவு அதில் இல்லை. போதாதா? ஜாபர்காரர்களின் நண்பர்கள் பட்டியலில் பச்சைப் புள்ளிகள் ஒவ்வொன்றாக அணைந்தன. பெரும்பாலான நண்பர்கள் கூகுள் பக்கம்தானே இருந்தார்கள்! 'கூகுள் அணைத்துக் கொன்றுவிட்டது' என்று ஒரு கோஷ்டி. 'ஜாபர் தானாகவே வளரவில்லை, கூகுள் மேல் பழி போடாதே' என்று இன்னொரு கோஷ்டி. பட்டிமன்றம் இன்னும் முடியவில்லை. இரண்டு கோஷ்டியும் மறுக்காத விஷயம் ஒன்றுதான்: கதவைத் திறந்ததும் கூகுள், சாத்தியதும் கூகுள். யாரும் யாரையும் கேட்கவில்லை.

சின்ன ஊரின் சங்கடம்

இதற்காக, சின்ன ஊர்கள் எல்லாம் சொர்க்கம் என்று நான் சொன்னால் நம்பாதீர்கள்.

சர்வர் வாடகை யார் கொடுப்பது? பெரும்பாலும் நன்கொடை. ஆபாசம், வசவு, மோசடி வந்தால் யார் துடைப்பது? சம்பளமில்லாத ஒரு ஆசாமி, ஆபீஸ் விட்டு வந்த பிறகு. அவருக்கே அலுத்துப்போனால் ஊரே காலி! தனி மனிதர்கள் மட்டுமில்லை, ஃபயர்ஃபாக்ஸ் தயாரிக்கும் மொசில்லாவே ஒரு மாஸ்டடான் ஊர் நடத்திப் பார்த்துவிட்டு, 2024 டிசம்பரில் இழுத்து மூடியது. இன்னொரு ஊர், முகவரியின் வாலில் ஆப்கானிஸ்தானுக்குரிய இரண்டு எழுத்தை வைத்திருந்தது. 2024 பிப்ரவரியில் தாலிபான் அரசு அந்த முகவரியையே பிடுங்கிவிட்டது. ஊர் இருக்கிறது, போகிற வழி இல்லை!

ஊர் மாறினால் உங்களைப் பின்தொடர்பவர்களைக் கூட்டிக்கொண்டு போகலாம். இது பெரிய வரம். ஆனால் பழைய எழுத்துக்கள் கூட வராது. கட்டில், பீரோ பழைய வீட்டிலேயே! 'நாங்கள் எல்லாவற்றையும் கொண்டுபோக வசதி செய்திருக்கிறோம்' என்று வந்திருக்கிறது ப்ளூஸ்கை. 2019-ல் ட்விட்டருக்குள்ளேயே முளைத்து, தனிக் கம்பெனியாகி, 2024 பிப்ரவரியில் பொதுமக்களுக்குத் திறந்தது. 2024 ஆகஸ்ட் கடைசியில் பிரேசில் சுப்ரீம் கோர்ட் எக்ஸ் தளத்தைத் தடை செய்தபோது, அந்த ஊர் ஜனங்கள் லட்சக்கணக்கில் இங்கே வந்து குவிந்தார்கள். ஏட்டளவில் ப்ளூஸ்கையும் பரவலானதுதான். நடைமுறையில் அநேகமாக எல்லோரும் குடியிருப்பது அந்த ஒரே கம்பெனியின் சர்வர்களில்.

டீக்கடையில் ஒரு பாடம்

'பெரியவன் இருக்கிற இடத்தில் திறந்த அமைப்பு பிழைக்கவே முடியாதா?' என்று சோர்ந்துபோக வேண்டாம். ஆபீஸ் வாசல் டீக்கடையைப் பாருங்கள். ஒட்டியிருப்பது போன்பே அட்டை. நீங்கள் கொடுப்பது ஜிபேயில். பணம் போய்ச் சேருகிறதா, இல்லையா? 2016-ல் வந்த யுபிஐ போட்ட பொது இலக்கணம் அது. போன்பே வைத்திருக்கிறவர் ஜிபேகாரரைக் கைவிட முடியாது. விடவும் விதி இல்லை.

யுபிஐ பரவலான அமைப்பு இல்லை. நடுவே என்பிசிஐ என்ற ஒரே நிறுவனம் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் பாடம் இரண்டு உண்டு. ஒன்று, இலக்கணத்தை யாரோ கட்டாயமாக்கினால் பெரியவனும் சின்னவனோடு பேசித்தான் ஆக வேண்டும். இரண்டு, கட்டாயமாக்கினாலும் பெரியவன் பெரியவனாகவே இருப்பான்! போன்பேயும் ஜிபேயும் சேர்ந்து எண்பது சதவிகிதத்துக்கு மேல் பிடித்துவிட்டன. 'யாருக்கும் 30 சதவிகிதத்துக்கு மேல் கூடாது' என்று 2020 நவம்பரில் சொன்ன என்பிசிஐ, கெடுவைத் தள்ளித் தள்ளி, கடைசியில் 2026 டிசம்பர் வரை கொண்டுபோனது.

ஐரோப்பாவில் சட்டமே வந்துவிட்டது. 2024 மார்ச்சிலிருந்து, வேறொரு மெசேஜ் கம்பெனி கேட்டால் வாட்ஸ்அப் வழிவிட வேண்டும். ஆனால் அது மெசேஜுக்கு மட்டும். நாம் போட்டோ போட்டு லைக் வாங்குகிற தளங்களுக்கு அப்படி ஒரு கட்டாயம் அந்தச் சட்டத்தில் இல்லை. த்ரெட்ஸ் கதவைத் திறந்தது தன் விருப்பத்தில். நாளைக்குச் சாத்தினாலும் தன் விருப்பத்தில்.

வித்தியாசம் இவ்வளவுதான்: ஜிடாக் சாத்தியபோது ஜாபர் ஊர்களில் ஆள் குறைவு. த்ரெட்ஸ் சாத்தினால், அந்தப் பக்கம் போகாமல் சொந்த ஊரிலேயே பேசிப் பழகிய ஜனம் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதில்தான் மாஸ்டடானின் ஆயுசு இருக்கிறது. அதற்கு ஆக வேண்டிய ஒரு காரியத்தை ரோச்கோ செய்துவிட்டார். 2025 நவம்பரில் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகி, மாஸ்டடானை லாபநோக்கமில்லாத அமைப்பின் கையில் ஒப்படைக்கும் ஏற்பாட்டை அறிவித்தார். சாவி ஒரே ஆள் பாக்கெட்டில் இருக்கக் கூடாது என்றால், அந்த ஆள் தானாகவே இருந்தாலும்தான்!

குடி போகும் முன் நாலு கேள்வி

1. ஊரை நடத்துவது யார்? ஒரே ஆளா, குழுவா?

2. பணம் எங்கிருந்து வருகிறது? கணக்கு காட்டுகிறார்களா?

3. ஊர்ச் சட்டம் என்ன? எந்த ஊர்களுக்குக் கதவு சாத்தியிருக்கிறார்கள்?

4. மூடுவதாக இருந்தால் எத்தனை நாள் நோட்டீஸ்? மூன்று மாதமாவது கொடுப்பதாகச் சொல்கிறவர்கள் உண்டு. அங்கே போங்கள்.

போன பிறகும், நீங்கள் பின்தொடர்கிறவர்களின் பட்டியலை மாசம் ஒரு தடவை இறக்கிப் பத்திரப்படுத்துங்கள். அதற்கு அங்கே பட்டன் இருக்கிறது. பெரிய தளங்களிலும் 'உங்கள் விவரங்களை இறக்கிக்கொள்ள' ஒரு வசதி எங்கேயாவது ஒளிந்திருக்கும். இன்றைக்கே தேடுங்கள்.

பக்கத்து சீட்டுக்காரர் என்ன ஆனார்?

பத்தொன்பதாம் நாள் அவருடைய கணக்கு திறந்தது. ஏன் மூடினார்கள் என்றும் சொல்லவில்லை, ஏன் திறந்தார்கள் என்றும் சொல்லவில்லை. மனுஷர் முதல் காரியமாக அப்பாவுக்கு எழுதிய நாலு வரியைக் காப்பி எடுத்துத் தன் நோட்டில் பேனாவால் எழுதிவைத்தார். இரண்டாவது காரியமாக மாஸ்டடானில் ஒரு சின்ன ஊரில் குடியேறினார். அங்கே அவரைப் பின்தொடர்கிறவர்கள் பதினோரு பேர். நானும் அதில் ஒருத்தன். பழைய இடத்தையும் விடவில்லை. "துபாய் அண்ணன் அங்கேதான் சார் இருக்கான்" என்கிறார்.

கல்யாணச் செய்தியை இரண்டு இடத்திலும் போட்டார். பெரிய இடத்தில் 340 லைக். சின்ன ஊரில் ஆறு பேர் 'எந்த மண்டபம், எத்தனை மணி?' என்று கேட்டார்கள்.

நேற்று சாயங்காலம் என் சீட்டுக்கு வந்து, நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய பத்திரிகையை இரண்டு கையாலும் நீட்டினார்.

"ரெண்டு இடத்துலயும்தான் போட்டுட்டீங்களே, அப்புறம் இது எதுக்கு?" என்றேன்.

"இதை யாரும் முடக்க முடியாது சார். குடும்பத்தோட வந்துடுங்க!"